தோற்றவர் வாய்மொழி: கலியன் பாசுரங்களில் போர்வீரரின் மனச்சுமை

பெரிய திருமொழியின் பத்தாம் பத்தில் அடுத்தடுத்து வரும் இரண்டாம், மூன்றாம் திருமொழிகள் அருளிச்செயலில் தனித்ததோர் அமைப்பை உடையவை. 'தடம்பொங்கத்தம்பொங்கோ' என்றும் 'குழமணிதூரம்' என்றும் ஈற்றுச்சொல்லாற் பெயர்பெற்ற இவ்விரண்டிலும் ஆழ்வார் தாமான தன்மையிற் பேசவில்லை; தலைமகளாகவோ தாயாகவோ தோழியாகவோ பேசவுமில்லை. இலங்கைப் போரில் தோற்று உயிர் மட்டும் எஞ்சி நின்ற அரக்கர் படையாளரின் வாயாகப் பேசுகிறார். பொங்கத்தமும் குழமணிதூரமும் தோற்றவர் வென்றவர் முன் ஆடும் கூத்து வகைகள் என்பர் பெரியோர். சக்கரவர்த்தித் திருமகனுடைய வெற்றியை அநுபவிக்க விரும்பிய ஆழ்வார், அவ்வெற்றியின் அளவைத் தோற்றவர் வாய்கொண்டே காட்டுகிறார் என்பது வியாக்கியான மரபின் நோக்கு. அந்நோக்கு முற்றும் பொருத்தமானது.

ஆயினும் ஆழ்வார் அவர்கள் வாயில் வைத்த சொற்கள் வெற்றியின் அளவைக் காட்டுவதோடு அமைந்துவிடவில்லை. போர்க்களத்திலிருந்து மீண்ட ஒருவன் தன் நெஞ்சில் எவற்றையெல்லாம் சுமந்து நிற்கிறான் என்பதையும் அவை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகின்றன. அச்சுமையை உணராது ஓதினால் இவ்விரு திருமொழிகளும் பகைவரின் இழிவைக் கண்டு மகிழும் பாட்டாகச் சுருங்கிவிடும். சரணாகதியைப் பேசும் பாசுரங்களாக அவற்றுக்குள்ள ஏற்றமும் மறைந்துவிடும். ஆகவே அரக்கர் சொல்லும் சொற்களை அவர்கள் நிலையில் நின்று ஆராய்வது வேண்டப்படுகிறது.

போர் அறிந்த ஆழ்வார்கள்

இராமாயணப் போரை ஆழ்வார்கள் ஒரே விதமாக அநுபவிக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் வைத்து மாலை கட்டிச் சமர்ப்பித்த பெரியாழ்வார், எம்பெருமானுடைய வெற்றிகளைச் சொல்லிச் சொல்லி அவனுக்குப் பல்லாண்டு பாடினார். வென்றவனுக்கும் என்ன தீங்கு வருமோ என்று அஞ்சுவது அவருடைய பரிவு. குலசேகரப் பெருமாள் சேர நாட்டை ஆண்ட அரசர். கரனோடு வந்த பதினாலாயிரம் அரக்கரைப் பெருமாள் தனியே நின்று எதிர்த்தார் என்று ஸ்ரீராமாயண காலக்ஷேபத்திற் கேட்ட அளவில், துணை செல்லத் தம் படையைத் திரட்டப் புறப்பட்டார் என்று குருபரம்பரை கூறும். என்றோ முடிந்த போர் அவருக்கு அன்று நடக்கும் போராயிற்று.

திருமங்கையாழ்வாரும் போர் அறிந்தவர். சோழனுடைய சேனைத்தலைவர் குடியிற் பிறந்து, ஆலிநாட்டை ஆண்டு, பரகாலன் என்று பகைவர் அஞ்சப் பெயர்பெற்றவர். அடியார்க்கு அமுது செய்விப்பதிற் பொருளெல்லாம் செலவாகி, சோழனுக்குக் கப்பம் கட்டாது, அவன் அனுப்பிய படையோடு பொருதவர் என்பதும் குருபரம்பரைச் செய்தி. வாளும் வேலும் குதிரையும் அவருக்கு உவமைப் பொருள்கள் அல்ல, வாழ்க்கைக் கருவிகள்.

இம்மூவருள் வென்றவனுக்காக அஞ்சியவர் ஒருவர். வென்றவனுக்குத் துணைசெல்ல எழுந்தவர் ஒருவர். தோற்றவர் வாயாகப் பேசியவர் ஒருவர். தோற்றவர் வாயை மேற்கொண்டவர் போர்த்தொழிலையே தம் தொழிலாகக் கொண்டிருந்த கலியன் என்பது நினைக்கத்தக்கது. களத்தில் எதிரே நின்றவனுடைய முகத்தைக் கண்டிருந்தவருக்கே அவன் நெஞ்சில் என்ன ஓடும் என்பதும் தெரியும்.

சொல்லுவதற்கு ஆளில்லாமை

இரண்டாம் திருமொழியின் முதற்பாசுரத்திலேயே சுமையின் முதற்கூறு வெளிப்படுகிறது. தங்கள் அரசன் இரக்கமற்றுச் செய்த தீமையின் பலன் மறுபிறவி வரை காத்திராமல் இப்பிறவியிலேயே தங்கள்மேல் வந்து விழுந்தது என்கிறார்கள் அரக்கர். அடுத்து அவர்கள் சொல்வது ஆழமானது: இதை விரித்துச் சொல்லி என்ன பயன், கேட்கவேண்டியவனோ மாண்டுபோனான், இனி யாரிடம் முறையிடுவது என்பது அது.

படையாளன் ஒருவன் தன் அரசனுக்காகப் போர் செய்கிறான். போரின் நியாயத்துக்குப் பொறுப்பு அரசனுடையது. அவன் கட்டளைக்குக் கீழ்ப்படிவது இவனுடையது. அரசன் மாண்டபின் பொறுப்பேற்க வேண்டியவன் இல்லை. செயலின் பயன் மட்டும் இவனிடம் தங்கிவிடுகிறது. கடன் வாங்கியவன் இறந்துபோக, கையெழுத்திட்டவன் தலையில் அது விழுவதைப் போன்றது இந்நிலை.

மூன்றாம் பாசுரத்தில் இது வெளிப்படையான வழக்காகவே வருகிறது. தண்டகவனம் புகுந்து பிராட்டியைக் கவர்ந்துவந்தவன் எங்கள் அரசன். எங்கள்பால் இதில் குற்றம் இல்லை. எங்களைக் கொல்லாதொழிய வேண்டும் என்று வேண்டுகிறார்கள். இது உயிர்பிழைக்கச் சொல்லும் சாக்கு என்று தள்ளிவிடலாம். ஆழ்வார் அவ்வாறு தள்ள இடந்தரவில்லை. அடுத்த பாசுரத்தில் அதே வாய்கள் வேறொன்றைச் சொல்கின்றன. பிராட்டி அரக்கர் குலத்துக்கு நஞ்சாவாள் என்று அரசனின் தம்பியே, அதாவது ஸ்ரீவிபீஷணாழ்வானே, அரசனை வணங்கிச் சொன்னான். அது எங்கள் கண்ணெதிரே சொல்லப்பட்டது என்கிறார்கள்.

இவ்விரண்டு பாசுரங்களின் அடைவே இத்திருமொழியின் நெஞ்சம். குற்றமில்லை என்று வழக்காடியவர்கள், கேட்பார் யாரும் வினவாமலே, தங்களுக்கு எதிரான சான்றைத் தாங்களே கொண்டுவந்து வைக்கிறார்கள். நல்வார்த்தை சொல்லப்பட்டபோது அவர்கள் சபையில் இருந்தார்கள், கேட்டார்கள், அது மெய்யென்று அறிந்தார்கள். சொன்னவன் எழுந்து போனபோது அவனோடு நால்வர் போனார்கள். ஏனையோர் இருந்துவிட்டார்கள். உயிர்பிழைக்க விரும்புபவன் இதை மறைப்பான், இவர்களோ மறைக்கவில்லை. தீமையைச் செய்தவன் அரசன் என்பதும் மெய். அறிந்திருந்தும் உடன் நின்றோம் என்பதும் மெய். ஒன்று மற்றொன்றை அழிக்காமல் இரண்டும் ஒரே நெஞ்சில் நிற்பதே அவர்கள் சுமை.

அவர்கள் பேச்சில் மாண்டவர் பெயர்களும் இடையிடையே வருகின்றன. கும்பனும் நிகும்பனும் பட்டார்கள் என்பார்கள். அடுத்த திருமொழியில் இந்திரசித்து அழிந்ததையும் கும்பகர்ணன் போனதையும் சொல்வார்கள். உயிர்ப்பிச்சை கேட்பவனுக்கு இப்பெயர்களால் ஆகவேண்டிய காரியம் ஒன்றுமில்லை. எனினும் பெயர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. காலமும் அவர்கள் பேச்சில் நேராக நடக்கவில்லை. முதலில் மாண்டான் என்று சொல்லப்பட்ட அரசன், பின்வரும் பாசுரம் ஒன்றில் இன்னும் கொல்லப்பட வேண்டியவனாக நிற்கிறான். எங்களை விட்டு அவனைக் கொல்லும் வழியை நினைப்பாய் என்று பெருமாளிடம் வேண்டுகிறார்கள். களத்தின் வெவ்வேறிடங்களில் நின்ற பலர் ஒருசேரப் பேசும் பேச்சு என்று கொண்டாலும் பொருந்தும். அஞ்சிய நெஞ்சில் நேற்றும் இன்றும் முறைமாறி வருவது இயல்பு என்று கொண்டாலும் பொருந்தும்.

நகையா, இரக்கமா

இத்திருமொழிகளைப் பகைவரை எள்ளும் பாட்டாகக் கொள்வோர் தக்க காரணம் இல்லாமற் கொள்ளவில்லை. தோற்றவரை ஆடச்செய்து காண்பது வென்றவருக்கு ஒரு விருந்து. நீலன் வாழ்க, சுடேணன் வாழ்க, அங்கதன் வாழ்க என்று தங்கள் உறவினரைக் கொன்றவர்களையே அரக்கர் வாழ்த்துவதில் நகைச்சுவையும் உண்டு.

இந்த ஐயத்தைத் தீர்க்கக் கலிங்கத்துப்பரணியோடு ஒப்புநோக்குவது உதவும். முதற் குலோத்துங்கன் காலத்தில் கருணாகரத் தொண்டைமான் நடத்திய போரைப் பாடிய செயங்கொண்டார், தோற்றோடும் கலிங்க வீரரை விரிவாகப் பாடுகிறார். தலைமயிரைப் பறித்துச் சமணராக வேடமிட்டவர், வில்லின் நாணைப் பூணூலாகப் போட்டு அந்தணரானவர், பாணராக நடித்தவர் என்று பல வகையினர் அங்கு வருகின்றனர். கற்பவர் நகைப்பர்; நகைக்கவே பாடப்பட்டது அது. அங்கே தோற்றவர் 'அவர்கள்'. புலவர் வென்றவர் பக்கம் நின்று அவர்களைச் சுட்டிக் காட்டுகிறார். கலியனிடத்திலோ தோற்றவர் 'நாங்கள்'. தன்மைப் பன்மையிற் பேசும் பாடலில் பாடுபவர் விலகி நின்று நகைக்க இடமில்லை. ஓதுபவர்க்கும் அதே நிலைதான்.

மேலும் பரணியில் ஓடுவோர் தங்கள் அடையாளத்தை மறைத்து உயிர்தப்புகின்றனர். குழமணிதூரத்தில் அரக்கர் எதையும் மறைக்கவில்லை. வெற்றியை உங்களுக்குத் தந்துவிட்டோம், மானத்தை நாங்கள் வேண்டவில்லை, எங்கள் வாழ்நாளை மட்டும் தானமாகத் தாருங்கள் என்று வேண்டுகிறார்கள். தம்முள் ஒருவரை ஒருவர் அழைத்து, இனி வீரம் பேசவேண்டாம் என்று சொல்லிக்கொள்கிறார்கள். படையாளனுக்கு மானமே உடைமை. அதை வைத்துக்கொண்டு அடைக்கலம் புக முடியாது என்று கண்டு இறக்கிவைக்கிறார்கள். தன்னிடம் கைம்முதல் ஒன்றும் இல்லை என்னும் ஆகிஞ்சந்யமும், புகலிடம் வேறில்லை என்னும் அநந்யகதித்வமும் சரணாகதிக்கு வேண்டுவன என்று பூருவாசாரியர்கள் நிர்ணயித்த நிலை இதுவே. அச்சத்தால் வந்தது என்பதனால் இச்சரணாகதி குறைவுபடாது; காகாசுரனும் அச்சத்தால், மூவுலகும் சுற்றிப் புகலின்றி வந்து விழுந்தவனே.

எதிரே நின்றவனே புருஷகாரம்

அரக்கர் யாரை நோக்கிப் பேசுகிறார்கள் என்பது இன்னும் நுட்பமானது. அவர்கள் பெருமாளை மட்டும் விளிக்கவில்லை. இளையபெருமாளையும், மஹாராஜரையும், அங்கதனையும், நளனையும், திருவடியையும் பெயர் சொல்லி விளிக்கிறார்கள். உங்கள் வானரர் எங்களைக் கொல்லாதபடி ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று சுக்கிரீவனிடம் கேட்கிறார்கள். அடியார் முன்னிலையாகவே எம்பெருமானைப் பற்றவேண்டும் என்னும் புருஷகார நெறி இங்கே தெளிவாகிறது. அந்த அடியார் யார் என்று நோக்கினால், நேற்றுவரை இவர்களோடு கைகலந்து பொருதவர்கள். இவர்கள் உற்றாரைக் கொன்றவர்கள். இவர்களால் உற்றாரை இழந்தவர்கள். களத்தில் என்ன நிகழ்ந்தது என்பதை விளக்கிச் சொல்லாமலே அறிந்தவர்கள் அவர்கள்தாம். யாரிடம் முறையிடுவோம் என்று முதற்பாசுரத்திற் கேட்ட கேள்விக்கு விடை இங்கே கிடைக்கிறது: எதிரே நின்று போர்செய்தவனிடமே முறையிடலாம்.

முறையீட்டை ஏற்கும் தகுதி அந்தப் பக்கத்தில் இருந்தது என்பதையும் ஸ்ரீராமாயணம் காட்டுகிறது. இராவணன் வீழ்ந்தபின் அவனுக்கு ஈமக்கடன் செய்யத் தயங்கிய ஸ்ரீவிபீஷணாழ்வானிடம், பகை என்பது சாவோடு முடிந்தது, இனி உனக்குப்போல் எனக்கும் இவன் உற்றவன் என்னும் கருத்துப்படப் பெருமாள் அருளிச்செய்தார்.

ஆயினும் குற்றமில்லை என்றும், அறிந்தே உடன்நின்றோம் என்றும் அரக்கர் சொன்ன இரண்டுக்கும் சேர்த்து விடை அருளியவள் பிராட்டியே. வெற்றிச் செய்தியை விண்ணப்பித்த திருவடி, அசோகவனத்தில் அவளைத் துன்புறுத்திய அரக்கியரைக் கொல்ல அனுமதி வேண்டினான். பிராட்டி மறுத்தாள். இவர்கள் அரசனுக்கு அடிமைப்பட்டு அவன் ஆணைப்படி நடந்தவர்கள்; இவர்கள்மேல் யார் சினங்கொள்வார் என்றாள். இது அரக்கர் செய்த முதல் வழக்கே. அவள் அதோடு நிற்கவில்லை. இவர்கள் தீயவரானாலும் கொலைக்கு உரியவரானாலும் மேலோர் இரக்கமே காட்டவேண்டும். பிழை செய்யாதவர் யாருமில்லை என்றும் அருளினாள். குற்றமில்லை என்று கூறிச் சுமையை இல்லாததாக்கவும் இல்லை. குற்றமுண்டு என்று கூறித் தண்டிக்கவும் இல்லை. குற்றம் இருந்தபடியே இருக்க, அதனை உடையவர்கள் காக்கப்பட்டார்கள்.

பராசர பட்டர் ஸ்ரீகுணரத்நகோசத்தில் இந்நிகழ்ச்சியை எடுத்து, அடைக்கலம் கேட்ட காகாசுரனையும் விபீஷணனையும் காத்த பெருமாளுடைய கோஷ்டியினும், கேளாமலே அரக்கியரைக் காத்த பிராட்டியின் பொறுமை ஏற்றமுடையது என்று ஈடுபட்டார். ஆணைக்குக் கீழ்ப்படிந்து தீங்கு செய்தவர்களை என்ன செய்வது என்னும் கேள்வி ஸ்ரீவைஷ்ணவ தரிசனத்துக்குப் புறம்பானதன்று என்பதற்கு இதுவே சான்று.

வென்றவர் சுமை

தோற்றவருக்கே இச்சுமை உரியது என்று கொள்ளவும் முடியாது. பாரதப் போர் முடிந்து முடிசூடவேண்டிய தருமபுத்திரர், உற்றாரைக் கொன்று பெற்ற அரசு வேண்டா, காட்டுக்குப் போகிறேன் என்று கலங்கியதிலிருந்தே சாந்தி பர்வம் தொடங்குகிறது. தம்பியரும் திரௌபதியும் வியாசரும் சொல்லியும் அவர் ஆறவில்லை. கண்ணபிரான் அவரை அம்புப் படுக்கையிற் கிடந்த பீஷ்மரிடம் அழைத்துச் சென்றான். அவர் யாரை வீழ்த்தியதற்காக வருந்தினாரோ அவர் வாயாலேயே ஆறுதல் கிடைக்கவேண்டியிருந்தது. ஸஹஸ்ரநாமமும் அந்த உரையாடலின் தொடர்ச்சியில் பிறந்ததே என்பது எண்ணத்தக்கது.

போர்தொடங்குமுன் கீதையைக் கேட்ட அருச்சுனனும், போர் முடிந்தபின், தேவரீர் அன்று அருளியது மறந்துபோயிற்று, மீண்டும் அருளவேண்டும் என்று விண்ணப்பித்தான். கண்ணபிரான் அவனைக் கடிந்து, அதை அப்படியே மீண்டும் சொல்லல் ஆகாது என்று அநுகீதையை அருளினான் என்பது ஆச்வமேதிக பர்வச் செய்தி. போருக்கு முன் கேட்ட உபதேசம், எவ்வளவு உயர்ந்ததாயினும், போருக்குப் பின் வரும் கலக்கத்துக்கு முன்கூட்டியே மருந்தாகிவிடுவதில்லை. கேட்கவும் சொல்லவும் மீண்டும் ஓர் இடம் வேண்டியிருக்கிறது.

இக்கால மருத்துவரின் காட்சி

மேனாட்டு மருத்துவம் இச்சுமையைச் சிறிது சிறிதாகவே அறிந்துகொண்டது. முதல் உலகப்போரின்போது 1915இல் சார்லஸ் மையர்ஸ் என்னும் மருத்துவர், குண்டுவெடிப்பின் அதிர்ச்சியாற் பேச்சும் நினைவும் குலைந்த வீரரைப் பற்றி எழுதினார். காயமின்றிக் கலங்கிய வீரர் பலர் கோழைகள் என்று பழிக்கப்பட்ட காலம் அது. வியட்நாம் போரிலிருந்து மீண்டவர்களின் நிலைகண்ட பிறகே, 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதனை நோயாகத் தன் கையேட்டிற் சேர்த்தது.

அதன்பின் அச்சத்தினும் வேறான ஒரு காயம் உண்டு என்பது கவனத்துக்கு வந்தது. வியட்நாம் வீரர்க்கு நெடுங்காலம் மருத்துவம் செய்த ஜோனதன் ஷே, கிரேக்கக் காப்பியமாகிய இலியத்தை அவ்வீரர் சொற்களோடு ஒப்பிட்டு 1994இல் ஒரு நூல் எழுதினார். அதிகாரத்தில் உள்ளவன் அறத்தைக் கைவிடும்போது அவனுக்குக் கீழ்ப்பட்ட வீரனின் நெஞ்சு புண்படுகிறது என்பது அவர் கண்டது. 2009இல் பிரெட் லிட்ஸ் முதலியோர் இன்னொரு கூற்றைச் சேர்த்தனர்: தான் செய்ததும், தடுக்காமல் விட்டதும், கண்ணெதிரே கண்டதும் வீரனைப் புண்படுத்தும் என்றனர். முன்னது கலியனின் மூன்றாம் பாசுரத்திற் கண்டது. பின்னது நான்காம் பாசுரத்திற் கண்டது. அவர்கள் நூலால் ஆழ்வாருக்கு ஏற்றம் வருவதன்று. இருவேறு காலத்தில் இருவேறு நோக்கத்தோடு கண்டவர்கள் ஒரே இடத்தைத் தொட்டார்கள் என்பதே கொள்ளத்தக்கது. வியட்நாமிலிருந்து மீண்டவர்கள் 1970 முதல் தங்களுக்குள் கூடி அமர்ந்து பேசிய வட்டங்கள் பலருக்கு உதவின என்பதும், போர் அறிந்தவனிடம் முறையிடும் அரக்கரின் நெறியோடு ஒத்தது.

பெயரிற் பாளையங்கோட்டை

தமிழ்நாட்டுப் படையாளர் வரலாற்றிலும் தோற்றவர் சொல் கேட்கப்படாத ஓர் இடம் உண்டு. பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய 63ஆம் இலகு காலாட்படை, சென்னை மாகாணத்தவரைக் கொண்ட பழைய படை. இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர்ப் பகுதிகள் 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தோடு இருந்தவை. அம்மாவட்டத்தின் தலைமை இடமே பாளையங்கோட்டை. அப்படை 1914 நவம்பர் தொடக்கத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவில் தாங்கா என்னும் துறைமுகத்தில் இறக்கப்பட்டது. ஏறத்தாழ 8,000 பேர் கொண்ட பிரிட்டிஷ் இந்தியப் படை, ஏறத்தாழ 1,000 பேர் கொண்ட ஜெர்மானியப் படையிடம் தோற்றது. கப்பலில் நெருக்குண்டு நெடுநாள் பயணம் செய்தவர்கள், ஒருவரோடொருவர் சேர்ந்து பயிற்சி பெறாதவர்கள், அறியாத புதர்க்காட்டில் நுழைந்தார்கள். கலைந்த தேனீக்களும் அவர்களைத் தாக்கின. பாளையங்கோட்டைப் படை நிலைகுலைந்து பின்வாங்கியது. பழியின் பெரும்பகுதி அவர்கள்மேல் விழுந்தது. போருக்குப் பின் நடந்த சீரமைப்பில் அப்படை கலைக்கப்பட்டது.

படையை அங்கு அனுப்பியவர், திட்டமிட்டவர், எச்சரிக்கையைக் கேளாதவர் ஆகியோர் செய்த பிழைகள் பின்னர் எழுதப்பட்டன. ஆனால் ஓடியவர்கள் என்று பெயர்பெற்ற சிப்பாய்களைப் பற்றி உலகில் நிலைத்த சொல் பெரும்பாலும் அவர்களை நடத்திய அதிகாரிகளின் சொல்லே. கலியன் அரக்கருக்குத் தந்த 'நாங்கள்' என்னும் சொல் அவர்களுக்கு வரலாற்றிற் கிடைக்கவில்லை. அரசன் பிழை தங்கள்மேல் விழுந்தது என்று சொல்ல வாயும், கேட்க எதிரே ஒரு மஹாராஜரும் இல்லாமற் போயினர்.

ஓசை ஒன்று, கேள்வி இரண்டு

பூதத்தாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் மங்களாசாசனம் செய்த திருத்தங்கலும், பெரியாழ்வாரும் ஆண்டாளும் அவதரித்த ஸ்ரீவில்லிபுத்தூரும் விருதுநகர் மாவட்டத்தில் உள்ளன. அதே மாவட்டத்தில் வைப்பாற்றங்கரையில் உள்ளது வெம்பக்கோட்டை. 2022 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வால் இவ்வூர் அறியப்படுகிறது. பட்டாசு ஆலைகளாலும் அறியப்படுகிறது. வெடியுப்பும் கந்தகமும் அலுமினியத் தூளும் கலந்து இங்கே செய்யப்படும் வெடிகள் தீபாவளிக்கும் கோயில் உற்சவங்களுக்கும் போகின்றன. எம்பெருமான் புறப்பாட்டில் எழும் வெடியோசை ஊராருக்கு மகிழ்ச்சியின் அடையாளம். போர் கண்டு மீண்டவர் சிலருக்கோ அதே ஓசை களத்தை மீண்டும் கொண்டுவந்து நிறுத்துகிறது; இது பல நாடுகளில் மருத்துவர் கண்டறிந்த செய்தி. ஓசை ஒன்றே, கேட்கும் நெஞ்சு இரண்டு. ஒரே வெற்றியை வானரர் ஒருவிதமாகவும் அரக்கர் ஒருவிதமாகவும் கேட்டதும் இத்தகையதே.

இந்திய அமைதிப்படையோடு 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்தவரும், 1999இல் கார்கிலைக் கண்டவரும் தமிழ்நாட்டு ஊர்களில் வாழ்கின்றனர். அவர்களுக்கு மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் உண்டு. ஓய்வூதியத்தையும் உதவித்தொகையையும் அங்கே மனுவெழுதிக் கேட்கலாம். இனி யாரிடம் சொல்வோம் என்பதை எந்த மனுவிலும் எழுத முடியாது. அதற்கு இடம் கொடுக்கவேண்டியவை குடும்பமும் ஊரும் கோயிலும் ஆகும்.

கோயில் அதற்கு எவ்வாறு இடம் கொடுக்கும் என்பதற்கும் விடை திருமொழியிலேயே உண்டு. இரண்டாம் திருமொழியின் பலச்ருதிப் பாசுரத்தில் ஆழ்வார், தாம் சொன்ன பொங்கத்தத்தைக் கொண்டு எங்கும் பாடி ஆடுங்கள் என்று தொண்டரை அழைக்கிறார். இம்மையில் இடரில்லை, மறுமையில் பரமபதம் என்றும் உறுதி தருகிறார். இதன் ஸ்வாபதேசம் கருதத்தக்கது. தொண்டர் வானரர் வேடம் கொண்டு வெற்றிக்கூத்து ஆடும்படி அவர் சொல்லவில்லை. தோற்றவர் கூத்தையே ஆடச்சொல்கிறார். இத்திருமொழியைச் சேவிக்கும் கோஷ்டியில் வென்றவர் பக்கம் நிற்க ஒருவருக்கும் இடமில்லை. அந்தணரும் அரசரும் வணிகரும் உழவரும், வாளைத் தொட்டே அறியாதவரும் அங்கே, அஞ்சினோம், தோற்றோம், காத்தருளவேண்டும் என்று ஒரே வாயாற் சொல்கிறார்கள்.

ஆகவே இப்பாசுரங்களுக்குப் பொருள் சொல்பவர், இராமவிஜயம் என்று தலைப்பிட்டு விரைந்து கடந்துவிடாமல், மூன்றாம் நான்காம் பாசுரங்களில் சற்று நின்று, அங்கே பேசுபவன் ஒரு படையாளன் என்பதையும், அவன் தன் வழக்கையும் தனக்கு எதிரான சான்றையும் ஒருங்கே வைக்கிறான் என்பதையும், பிராட்டியின் திருவாக்கு இரண்டுக்கும் விடையாகிறது என்பதையும் எடுத்துரைப்பது தகும். கேட்போர் வரிசையில் படையிலிருந்து மீண்டவர் ஒருவர் வாய்திறவாது அமர்ந்திருக்கக்கூடும். அவர் சொல்ல அஞ்சிய சொல்லை ஆழ்வார் அவருக்கு முன்பே சொல்லியிருக்கிறார். கோஷ்டி முழுவதும் அவரோடு சேர்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறது.